மூக்கண்ணே பிசைந்த இரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மோகனராஜின் வேன் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நிற்கும். அதற்குப் பத்து நிமிஷம் முன்பே சிக்கந்தர் இறங்கி நின்றிருப்பார். ஒரு கையில் தூண்டில் கோல்கள், மறு கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. தூக்குக்குள் இரை மாவு. கோல்களை யார் வேண்டுமானாலும் வாங்கி வேனில் வைக்கலாம். தூக்கை மட்டும் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. நிபோங் திபால் குளம் வரைக்கும் அது அவர் மடியில்தான் போகும். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இப்படி மடியில் வைத்துக்கொண்டதில்லை என்பாள் அவர் மனைவி மஹ்பூபா. நான்கு பெற்றவள், அவளுக்குத் தெரியாதா?

சிக்கந்தருக்கு அறுபத்தெட்டு வயது. ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஒரு மசாலாக் கடையில் பதினேழு வயதில் மூட்டை பிரிக்கச் சேர்ந்தவர். நாற்பத்தேழு வருஷம் கழித்து, மசாலா கூட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பேரோடு வெளியே வந்தார். நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர்கள், குழம்பில் ஏதோ குறைகிறது என்று சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அவரிடம் வருவார்கள். இவர் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க மாட்டார். மூடியைத் திறந்து ஒரே ஒரு இழுப்பு. "பட்டை பழசு. மாத்துங்க" என்பார். அத்தோடு திரும்பி அடுத்த வேலையைப் பார்ப்பார். வந்தவர் சலாம் சொல்லிவிட்டுப் போவார். கடைத்தெருவில் அவருக்குச் சிக்கந்தர் என்று ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்கண்ணே என்றால் யாரும் கை காட்டுவார்கள்.

அந்த மூக்கு மசாலாவை விட்டு மீன் பக்கம் திரும்பியதற்குத் திருநாவுக்கரசுதான் காரணம். முப்பது வருஷத்துக்கு முந்திய கதை அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருந்த மனுஷன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து, கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, நல்ல வாசனையா ஒரு மசாலா போட்டுக் குடுங்க. ரோகுவுக்கும் கெண்டைக்கும்" என்றார்.

"மீன் கொழம்புக்குத்தானே?"

"கொழம்புக்கு இல்லண்ணே. மீனுக்கு."

கடையே சிரித்தது. சிக்கந்தர் சிரிக்கவில்லை. கெண்டைக்கு வாயோரம் இரண்டு சோடி மீசை உண்டு, அந்த மீசையால் அது சேற்றைத் தடவித் தடவி ருசி பார்க்கும், பிடிக்காததை வாயில் போட்டாலும் துப்பிவிடும் என்று திருநா சொன்னதைக் கேட்டதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. வாயில் போட்டதைத் துப்பத் தெரிந்த வாடிக்கையாளரை அவர் அதுவரை சந்தித்ததில்லை. அடுத்த ஞாயிறே அவரும் குளக்கரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் அந்த இரை மாவு பிறந்தது. தவிடு, உதிர்த்த ரொட்டி, அவித்து மசித்த சர்க்கரைவள்ளி, வறுத்த தேங்காய்ப்பூ, அதற்கு மேல் வறுத்துப் பொடித்த சோம்பு. சோம்பு எந்த நிமிஷத்தில் அடுப்பை விட்டு இறங்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். பிறகு ஈரத்துணியில் கட்டி ஓர் இரவு வைத்து, விடிந்ததும் முகர்ந்து பார்த்து, லேசாகப் புளிப்பு ஏறியிருந்தால் தூக்கில் போடுவார். ஏறாவிட்டால் இன்னும் அரைமணி. எங்கும் எழுதி வைக்கவில்லை. மூக்கிடம் கேட்பார், அது சொல்லும்.

சில வருஷம் கழித்து, லாரி ஓட்டிக்கொண்டிருந்த மோகனராஜும் சேர்ந்தான். மூன்று பேருக்கும் ஒரே சட்டம்தான்: கோல் மூன்று, தூக்கு ஒன்று. யாரும் தனி இரை கொண்டுவரக் கூடாது. கடித்தால் மூன்று பேருக்கும் கடிக்கட்டும், இல்லையென்றால் மூன்று பேரும் வெறுங்கையோடு போவோம். சட்டம் போட்டது சிக்கந்தர்தான். அன்று அதைப் போடுவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, ஏனென்றால் வெறுங்கையோடு போன நாளே கிடையாது. பத்து மீன், பன்னிரண்டு மீன் என்று கரையேறும். ரோகுவை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், கெண்டையைக் குளத்திலேயே விட்டுவிடுவார்கள். பக்கத்துக் கரைக்காரர்கள் என்ன இரை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். சிக்கந்தர் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் மஹ்பூபா கேட்டாலும் அதே கதைதான். "இது தூண்டில் சமாச்சாரம், ஒனக்கு எதுக்கு" என்பார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். அதனால் பிற்பாடு வந்த வினையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

கோவிட் வந்த வருஷம் சிக்கந்தருக்கும் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போயிற்று. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் வந்துவிடும், ஆறு மாசத்தில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கடையில் ஒருநாள் சோம்பு தீய்ந்ததே, புகை கண்ணை எரித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே முட்டி வலி என்று சொல்லி வேலையை விட்டார். முட்டி நன்றாகத்தான் இருந்தது. உண்மை மஹ்பூபாவுக்கு மட்டும் தெரியும்.

"கூட்டாளிமாருகிட்ட சொல்லிட்டா என்னங்க? கொலையா பண்ணிட்டீங்க?" என்றாள் அவள்.

"சொல்லிட்டு? மூக்கண்ணேன்னு கூப்புடுவானுவ, நான் என்னான்னு கேக்கணுமா?"

அவர் தனியாகப் பால்கனியில் உட்கார்ந்து கீழே சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். லக்சா கொதிக்கும், கறிபாப் பொரியும், ஊதுவத்தி புகையும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பழைய வாடைகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பார். மூட்டை பிரித்ததும் முகத்தில் அடிக்கும் மல்லி. கடை மூடிக் கழுவிவிட்ட தரை. நிபோங் திபாலில் மழைக்கு முன்னால் குளத்திலிருந்து எழும்பும் சேற்று வாடை. சின்ன வயசுச் சிநேகிதர்களை நினைக்கிற மாதிரி அவற்றை நினைத்தார். பல நாள் கண் கலங்கியதும் உண்டு.

ஆனால் தூக்கை மட்டும் விடவில்லை. ஊரடங்கு முடிந்து குளம் திறந்ததும் கண்ணாலும் கையாலும் பிசைந்தார். கடையை விட்டு வரும்போது கொண்டுவந்த பெரிய தகர டப்பா சோம்பை எறும்புக்குப் பயந்து மஹ்பூபா துணி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அதிலிருந்து எடுத்து வறுப்பார். நிறம் மாறினால் இறக்குவார். அளவெல்லாம் பழைய அளவுதான். மீன்தான் பழைய மீனாக இல்லை.

முதலில் ஐந்து மீன், பிறகு இரண்டு, பிறகு ஒன்றுமேயில்லை என்று ஆயிற்று. "தண்ணி சூடாயிருச்சுண்ணே" என்றார் திருநா. "செம்பனைத் தோட்டத்துக்கு ஒரம் போட்டுருக்கானுங்க, மழையில எறங்கியிருக்கும்" என்றான் மோகனராஜ். ஒரு வாரம் அமாவாசை மேல் பழி, ஒரு வாரம் குளத்து உடும்பு மேல். கெண்டைகள் படித்துவிட்டன என்றுகூட ஒருநாள் திருநா முடிவு கட்டினார். மூன்று வருஷத்தில் அந்தக் கரையில் மூன்று பேரும் சேர்ந்து ஏற்றிய கெண்டை இரண்டு. அதில் ஒன்று வாலில் மாட்டியது. சிக்கந்தருக்கு உள்ளுக்குள் சந்தேகம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அவர்கள் சொன்னதை நம்புவது சுகமாக இருந்தது. நம்பினார்.

போன மாதம் திருநா ஒரு சேதி சொன்னார். மனைவி போன பிறகு ஜெலுத்தோங் வீட்டில் தனியாக இருந்தவரை, மகள் சந்திரிகா ஜொகூருக்கு வந்துவிடச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குக் குடிவர ஆள் பார்த்தாகிவிட்டது. "போறதுக்கு முந்தி ஒரு கெண்டை, ஒண்ணே ஒண்ணு, கைல புடிச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிக்கந்தருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தன்னை மீன்பிடிக்கக் கூட்டி வந்தவனை ஒரு மீன்கூட இல்லாமல் அனுப்புவதா? கடைசி ஞாயிற்றுக்குத் தேங்காய்ப்பூவைக் கூட்டினார், சோம்பை இரண்டு மடங்காக்கினார். பாவம், வினையைத்தான் இரண்டு மடங்காக்குகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிறு குளத்தில் காற்றில்லை. தக்கை மூன்றும் ஆணி அடித்த மாதிரி நின்றன. பத்து மணியாகியும் ஒரு அசைவு இல்லை. சிக்கந்தர் முகம் கழுவ எழுந்து, குளத்துக்காரர் ஹஸ்ருலின் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார். ஹஸ்ருல் எஸ்டேட் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். தேநீர் வாங்க வந்திருந்த திருநாவிடம் அவர் பேசுவது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"திருநா அண்ணே, உள்ளத சொல்றேன் லா. அந்த உம்பான் மாவு வேணாம். பாச்சை உருண்டை வாடை அடிக்குது. ராயா பெருநாள் சட்டை எடுக்க அலமாரி தொறந்த மாதிரி இருக்கு. எந்த மீன் வரும்? இந்தாங்க, ரொட்டி இருக்கு, போடுங்க. ஜொகூர் போற ஆளு, ஒரு மீனாச்சும் பாத்துட்டுப் போங்க."

"தெரியும் ஹஸ்ருல்" என்றது திருநாவின் குரல். "மூணு வருஷமா தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"முந்தியெல்லாம் அண்ணே தூக்கத் தொறந்தா யாரையும் கேக்க மாட்டாரு. நோய் வந்து எந்திரிச்சதுலேருந்து எங்க மூஞ்சிகிட்ட நீட்டி, 'எப்படி?'ன்னு கேக்குறாரு. அன்னிக்கே எனக்கும் மோகனுக்கும் வெளங்கிருச்சு, மூக்கு போச்சுன்னு. அந்த மனுஷன்கிட்ட போயி நாத்தம் அடிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

"சரி, இன்னிக்கு ஒரு நாளு ரொட்டி போடுங்களேன்."

"மீனு வேணும்தான். ஆனா அவரு தூக்க ஒதுக்கிட்டுப் புடிச்ச மீனக் கொண்டுபோயி அவருக்கே காட்டவா? வேணாம் லா. வெறுங்கையோடயே போறேன்."

சிக்கந்தர் குழாயை மூட மறந்து நின்றார். முதலில் வந்தது கோபம்தான். மூன்று வருஷமாக என்னைப் பைத்தியக்காரனாக்கி வைத்திருக்கிறார்களே என்று காது சுட்டது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. நூற்றைம்பது இருக்கும். வெயிலில் உட்கார்ந்து, பாச்சை உருண்டையை உருட்டி உருட்டித் தூண்டிலில் மாட்டி, உடும்பின் மேலும் அமாவாசையின் மேலும் பழி போட்டுவிட்டு, சாயங்காலம் சிரித்த முகத்தோடு வேனில் ஏறிய இரண்டு பேர். வெட்கம் ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம். முகத்தை மறுபடி கழுவிக்கொண்டு, தடுப்பைச் சுற்றி நேரே அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"திருநா, என் மூக்கு செத்துப் போச்சுடா" என்றார்.

திருநாவின் முகத்தில் ஈயாடவில்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த மோகனராஜ் சத்தம் கேட்டு ஓடி வந்தான். சிக்கந்தரே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"மஹ்பூபா, அலமாரியில என் சோம்பு டப்பாகிட்ட என்னத்தப் போட்டு வச்சிருக்கே?"

"பாச்சை உருண்டைதாங்க. துணி அரிக்குமுல்ல?"

"நான் பெசையும்போது ஒனக்கு வாடை தெரியலையா?"

"தெரியாம என்ன? வீடெல்லாம் அடிக்கும். மீனுக்கு அதான் புடிக்கும்போலன்னு இருந்துட்டேன். தூண்டில் சமாச்சாரம், கேக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

போன் சத்தம் நால்வருக்கும் கேட்டது. முதலில் சிரித்தது சிக்கந்தர்தான். அதற்காகவே காத்திருந்த மாதிரி மற்றவர்களும் வெடித்தார்கள். மோகனராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் பொண்டாட்டி மூணு வருஷமா கேக்கறாண்ணே, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எவ வீட்டு அலமாரிக்குள்ள பூந்துட்டு வர்றேன்னு!"

சிரித்து ஓய்ந்ததும் சிக்கந்தர் சட்டைக் கையை மடித்தார். ஹஸ்ருலின் மனைவி சபூராவிடம் அடுப்பையும், ஒரு வாணலியையும், ஒரு கை சோம்பையும் கேட்டு வாங்கினார். ரொட்டி இருந்தது, தேங்காய் இருந்தது, சர்க்கரைவள்ளி கோரேங் பொரித்து விற்க வைத்திருந்தார்கள். "ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்க. கை என்னோடது, மூக்கு ஒங்களோடது. உள்ளபடி சொல்லணும், மூஞ்சிக்காக சொல்லக் கூடாது" என்றார். சோம்பு வாணலியில் விழுந்தது.

"என்னா வாடை?"

"சோம்பு வாடைண்ணே" என்றான் மோகனராஜ்.

"சோம்ப வறுத்தா புட்டு வாடையா வரும்? எப்படி இருக்குன்னு சொல்லுடா."

மோகனராஜ் கண்ணை மூடினான். பிறந்ததிலிருந்து ஒரு வாடையைச் சொல்லால் சொல்லிப் பழக்கமில்லாதவன். நெற்றி சுருங்கிற்று. "கல்யாண மண்டபத்துக்கு வெளியே கெரேத்தா பார்க் பண்ற மாதிரி இருக்குண்ணே."

"இன்னும் இருக்கு. கிண்டறேன்."

"வாசலுக்கு வந்தாச்சு" என்றார் திருநா. "பன்னீர் தெளிக்கிறாங்க."

"நெருப்பக் கொறச்சாச்சு. இப்ப?"

"உள்ள போறோம்... எடம் தேடுறோம்..." மோகனராஜ் திடீரென்று கத்தினான். "பந்தியில உக்காந்தாச்சுண்ணே! எல போட்டாச்சு!"

"எறக்கிட்டேன்!"

அந்த நிமிஷம் சிக்கந்தரின் உள்ளே எங்கோ அந்த வாடை எழுந்தது. மூக்கில் இல்லை, அது அவருக்குத் தெரியும். கடைத்தெருவில் காலை ஒன்பது மணிக்கு முதல் வாணலி இறங்கும்போது அடித்த அதே வாடை, நினைவிலிருந்து முழுசாக எழுந்து வந்தது. நான்கு வருஷமாகத் தனியாகத் தேடிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் கைபிடித்துக் கூட்டி வந்து நிறுத்தியது போல இருந்தது. மாவைப் பிசைந்துகொண்டே தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புளிக்க வைக்க நேரமில்லை. வெயிலில் ஈரத்துணிக்குள் இரண்டு மணி நேரம் வைத்ததோடு சரி. ஒன்றரை மணிக்குத் திருநா போட்ட உருண்டையைச் சுற்றித் தண்ணீருக்கு மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கின. அடியில் கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தக்கை ஒருதரம் நடுங்கி நின்றது. கெண்டை அப்படித்தான், வாயில் வைத்துப் பார்க்கும், யோசிக்கும். அந்த நேரத்தில் இழுத்தவன் கெட்டான். திருநா கோலை இறுகப் பிடித்தார்.

"இரு" என்றார் சிக்கந்தர். "இரு... இரு..."

தக்கை சாய்ந்து, மெதுவாக நகர்ந்து, உள்ளே போனது. திருநா இழுத்தார். அப்புறம் பதினைந்து நிமிஷம் யார் யாரைப் பிடித்தார்கள் என்றே சொல்ல முடியாது. மீன் நடுக்குளத்துக்கு ஓடிற்று, தாமரைப் பக்கம் பாய்ந்தது, இரண்டு தரம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மோகனராஜ் கைவலையோடு முட்டியளவு தண்ணீரில் இறங்கி ஒரு தரம் தவறவிட்டான், வாங்கிக் கட்டிக்கொண்டான், மறு தரம் அள்ளினான். நாலரைக் கிலோ இருக்கும். வெண்கலக் குத்துவிளக்கைத் துலக்கி வைத்த நிறம். வாயோரம் சோடி சோடியாக மீசை.

திருநா அதை நெஞ்சோடு தூக்கிப் பார்த்துவிட்டு, சிக்கந்தர் கையில் கொடுத்தார். பழக்க தோஷம், சிக்கந்தர் மீனை முகத்துக்கு அருகே கொண்டு போனார். ஒன்றும் வரவில்லை.

"சேறுண்ணே" என்றார் திருநா, கேட்காமலே. "மழைக்கு முந்தி வருமே, அந்தச் சேறு. வாய்கிட்ட கொஞ்சம் சோம்பு."

சிக்கந்தர் தலையை ஆட்டினார். மூன்று பேரும் குனிந்து கெண்டையைத் தண்ணீரில் விட்டார்கள். அது கொஞ்ச நேரம் அவர்கள் கால்களுக்கு நடுவில் நின்றுவிட்டு, வாலை அடித்துப் போயிற்று. பிறகு சாயங்காலம் வரை இன்னும் ஐந்து மீன் கடித்தது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

திரும்பி வரும்போது வேன் முதலில் திருநாவை இறக்கிவிட நின்றது. ஜெலுத்தோங்கில் திருநாவின் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. வேனை விட்டு இறங்கியவர் ஜன்னல் பக்கம் வந்து, சிக்கந்தரின் மடியைப் பார்த்தார். காலையில் கொண்டுவந்த பழைய மாவு தூக்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் குப்பையில் கொட்டுவதாகச் சிக்கந்தர் சொல்லியிருந்தார்.

"அந்தத் தூக்க எனக்குக் குடுங்கண்ணே. அப்படியே, மாவோட."

"அறிவிருக்கா ஒனக்கு? ஜொகூர்ல மட்டும் எந்த மீனுடா இதத் தொடும்?"

"மீனுக்கு இல்லண்ணே" என்றார் திருநா. "அங்க ஞாயித்துக்கெழம வரும்ல? மூடியத் தொறந்து வச்சிக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். மூணு வருஷமா எனக்கு ஒங்க வாடை இதுதான்."

சிக்கந்தர் மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தூக்கை இன்னொருவர் கையில் கொடுத்தார்.